தகவலும் நம்பகமும்: ஆய்வு செய்யும் மாணவிகளுக்குச் சில வார்த்தைகள்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் உயர்தர வகுப்பு மாணவிகளுக்காக நடத்திய கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "இன்ரநெற்றில வாறதை நம்பலாமோ கூடாதோ எண்டு பிள்ளையளுக்கு ஒரு அரை மணித்தியாலம் சொல்லுங்கோ அக்கா" என்றார். அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல அரை நிமிடம் போதும். சிலவற்றை நம்பலாம், சிலவற்றை நம்பக் கூடாது. அச்சடித்த புத்தகங்களுக்கும் இதே மறுமொழிதான். எதை நம்பலாம் என்று எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான் கடினமான பகுதி. அதற்காகவே, வருவதற்கு முன்னர் வரலாறு, புவியியல் மாணவிகளின் ஒப்படைகள் சிலவற்றை எனக்கு அனுப்பும்படி கேட்டிருந்தேன். நான் காட்டப்போகும் உதாரணங்களிற் பல அவற்றில் இருந்து எடுத்தவை. ஒருவருடைய பெயரும் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

முதலில் சங்கிலி மன்னன். நல்லூர் இராசதானி பற்றி மூன்று மாணவிகள் எழுதியிருந்தார்கள். ஒருவர், சங்கிலி 1544 இல் மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொல்வித்தான் என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், சங்கிலியைப் போர்த்துக்கேயர் 1619 இல் சிறைப்பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள் என்று எழுதியிருக்கிறார். மூன்றாமவர் இரண்டையும் சேர்த்து ஒரே அரசனின் வரலாறாக எழுதிவிட்டார். அப்படியானால் அந்த அரசன் கொலைக் கட்டளை இட்டபோது இருபது வயது என்று வைத்தாலும், பிடிபட்டபோது தொண்ணூற்றைந்து வயது! எழுதிய பிள்ளை அந்த இரண்டு ஆண்டுகளையும் ஒரே பந்தியில் எழுதிவிட்டு, ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கவில்லை.

இருந்தது இரண்டு சங்கிலிகள். முதலாமவன் 16 ஆம் நூற்றாண்டில் நீண்டகாலம் ஆண்டவன். 1560 இல் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா படையோடு நல்லூருக்கு வந்தபோதும் அவனே அரசன். மற்றவன் 1617 இல் அதிகாரத்தைக் கைப்பற்றி, இரண்டு ஆண்டுகளில் பிலிப் த ஒலிவேராவிடம் தோற்றவன். இந்தக் குழப்பத்தை இணையம் உண்டாக்கவில்லை. மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையிலேயே ஒரு சங்கிலிதான் இருக்கிறான். அந்நூல் 1736 அளவில், ஒல்லாந்தர் ஆட்சியில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கு இணங்க எழுதப்பட்டதாகக் கூறப்படுகிறது. அதாவது இராச்சியம் வீழ்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்ற பின்னர். புலவர் தமக்கு ஆதாரமாகக் கொண்ட கைலாயமாலை, வையாபாடல் இன்றும் இருக்கின்றன. பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகிய இரண்டும் எமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அவற்றில் என்ன இருந்தது, புலவர் அவற்றை எப்படிப் பயன்படுத்தினார் என்று ஒத்துப் பார்க்க வழியில்லை.

முதலியார் இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வைபவமாலையைத் தூக்கி எறியவில்லை. அதற்குப் பக்கத்தில் போர்த்துக்கேயர் எழுதி வைத்தவற்றைப் பரப்பி, ஒவ்வொரு செய்தியாக ஒத்துப் பார்த்தார்கள். சுவாமிகள் 1928 இல் வெளியிட்ட தமது நூலுக்கு யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்றே பெயர் வைத்தார். அதற்காகப் போர்த்துக்கேயர் சொன்னதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. குவேறோஸ் பாதிரியார் 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோவாவில் இருந்துகொண்டு இலங்கை வரலாற்றை எழுதினார். தன் நாட்டாரின் ஆட்சி இலங்கையில் ஏன் கைநழுவிப் போனது என்ற கவலை அவருக்கு இருந்தது. நல்லூர் அரசன் எதிரி. எதிரியைப் பற்றி அவர் சொல்லும் குணங்குறைகளை அப்படியே எடுக்க முடியாது. ஆனால் எந்த ஆண்டில் எந்தக் கப்பற்படை வந்தது என்று சொல்லும்போது அவரை ஓரளவுக்கு நம்பலாம். ஒரே புத்தகம், ஒரே பக்கம், இரண்டு விதமான நம்பகம். இதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். "இது நல்ல நூல், இது கூடாத நூல்" என்று முத்திரை குத்துவதில் பெரிய பயன் இல்லை. இந்த நூல் இந்தச் செய்திக்கு நல்ல சாட்சியா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. வைபவமாலையும் அப்படித்தான், 18 ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தவர் தம் பழமையை எப்படி நினைத்துக்கொண்டார்கள் என்று அறிய அதைவிடச் சிறந்த சாட்சியை நான் காணவில்லை.

இரண்டையும் சேர்த்து எழுதிய பிள்ளையுடன் பேசினேன். "ரீச்சர், மூண்டு இணையத்தளத்திலையும் இப்பிடித்தான் கிடக்கு" என்றார். மூன்றையும் திறந்து பார்த்தோம். எழுத்துப் பிழை உட்பட மூன்றிலும் ஒரே பந்தி! ஒருவரிடம் இருந்து மற்றவர் எடுத்து ஒட்டியது. நீதிமன்றத்தில் மூன்று பேர் வந்து சாட்சி சொன்னாலும், மூவரும் ஒருவர் சொல்லக் கேட்டவர்கள் என்றால் அது ஒரு சாட்சிதான். அதுவும் கேள்விச் சாட்சி. புத்தக உலகத்திலும் இது பழைய வழக்கம். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைச் சைமன் காசிச்செட்டி 1859 இல் தமிழ் புளூட்டாக் என்ற ஆங்கில நூலாக வெளியிட்டார். ஆணல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் பாவலர் சரித்திர தீபகத்தை எழுதியபோது அந்த நூலையும் பயன்படுத்தினார். இருவரும் ஒரு புலவரைப் பற்றி ஒரே செய்தியைச் சொல்கிறார்கள் என்றால், இரண்டு பேர் தனித்தனியே விசாரித்து அறிந்தார்களா, பின்னவர் முன்னவரிடம் இருந்து எடுத்தாரா என்று பார்த்துவிட்டே எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

இனிப் புவியியல் மாணவிகளிடம் வருகிறேன். ஒருவர் மிகுந்த சிரத்தையோடு, அரசாங்கத்தின் புள்ளிவிபரத்தையே எடுத்து எழுதியிருந்தார். 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர். 2012 இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். ஆகவே யுத்தத்தால் மாவட்டம் இரண்டரை இலட்சம் மக்களை இழந்தது என்பது அவருடைய முடிவு. எடுத்த இடம் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம். அதைவிட நம்பகமான மூலம் இல்லை. இரண்டு எண்களும் சரி. முடிவு பிழை. ஏன்? 1981 இல் கிளிநொச்சி தனி மாவட்டம் அல்ல, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. 1984 இல்தான் அது பிரிக்கப்பட்டது. இன்றைய எல்லைக்குள் வைத்துப் பார்த்தால் 1981 இன் தொகை 7 இலட்சத்து 30 ஆயிரத்தைவிடச் சற்றுக் கூடுதல். அப்போது குறைவு ஒன்றரை இலட்சம் அளவில் வருகிறது. அதுவும் பெரிய தொகைதான். மறைக்க வேண்டியதில்லை, கூட்டிச் சொல்லவும் வேண்டியதில்லை. பிழையான எண்ணோடு நாங்கள் போய் நின்றால், எங்களை நம்ப விரும்பாதவர்களுக்கு அந்த ஒரு பிழையே போதும், மிச்சம் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். அதோடு, குறைந்தவர்கள் எல்லோரும் இறந்தவர்களும் அல்லர். வன்னிக்கும் கொழும்புக்கும் கனடாவுக்கும் போனவர்களும், 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். "இழந்தது" என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கிவிடாது.

இடையில் உள்ள ஆண்டுகளுக்கும் எண் தேடுவீர்கள். 1991 இல் குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001 இல் நடந்தது. ஆனால் 18 மாவட்டங்களில் மாத்திரமே முழுமையாக நிறைவேறியது. யாழ்ப்பாணம் அந்தப் பதினெட்டில் இல்லை. எனவே 2001 ஆம் ஆண்டுக்கென்று யாழ்ப்பாணத்துக்கு ஓர் எண்ணைக் கண்டால், அது எண்ணியதா மதிப்பிட்டதா என்று அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பை வாசியுங்கள். அடிக்குறிப்பை வாசிக்காமல் அட்டவணையைப் பார்ப்பவர்கள் தான் எங்கள் நாட்டில் அதிகம்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பற்றிய ஒப்படை ஒன்றில், கரையில் நிற்கும் சனக்கூட்டத்தின் மேல் பெரிய அலை எழும்பி விழும் படம் ஒட்டப்பட்டிருந்தது. அது எங்கள் கடல் அல்ல. சீனாவில் கியான்தாங் ஆற்றில் வற்றுப்பெருக்கின்போது எழும் அலை. ஆழிப்பேரலைக்கு இரண்டு ஆண்டு முன்னர், 2002 இல் எடுத்தது. அந்தக் காலத்தில் மின்னஞ்சலில் உலகம் முழுக்கச் சுற்றிய படம். இன்று கூகிளில் ஒரு படத்தைக் கொடுத்து, அது வேறெங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேடும் வசதி இருக்கிறது. ஒரு நிமிட வேலை. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். அவர்கள் கண்டதற்குப் பதிலாகச் சீனத்து ஆற்றைக் காட்டுவது எனக்கு மனத்துக்கு ஒப்பவில்லை.

இணையத்தில் தமிழில் வாசிக்கும் உங்களுக்கு மூன்று வாசல்கள் அதிகம் பழக்கம். ஒன்று, 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியா. அதை மேற்கோள் காட்டாதீர்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது சரி. பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டுரையை வாசித்துவிட்டு அடியில் உள்ள உசாத்துணைகளுக்குப் போங்கள். மேலே "வரலாறு", "உரையாடல்" என்று இரண்டு சிறிய இணைப்புகள் இருக்கும். யார், எப்போது, எதை மாற்றினார்கள், எதைப் பற்றிப் பிணங்கினார்கள் என்பதெல்லாம் அங்கே தெரியும். தான் எழுதிய விதத்தை இப்படித் திறந்து காட்டும் அச்சுப் புத்தகம் ஒன்றும் நான் கண்டதில்லை.

இரண்டாவது, 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம். எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய கொடை. நாங்கள் படித்த காலத்தில் ஒரு பழைய சஞ்சிகையைப் பார்க்கக் கொழும்புக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. ஆனால் "மூலம்: நூலகம்" என்று மாத்திரம் எழுதுகிறீர்களே, அது போதாது. நூலகம் என்பது இறாக்கை. அதில் ஆராய்ச்சி நூலும் இருக்கும், கோயில் கும்பாபிஷேக மலரும் இருக்கும், தேர்தல் துண்டுப் பிரசுரமும் இருக்கும். எந்த நூல், யார் எழுதியது, எந்த ஆண்டு, எத்தனையாம் பக்கம் என்று எழுதுங்கள். நினைவு மலர்களில் இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாசல் புதிது. கேட்டதற்கெல்லாம் மறுமொழி எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். ஓர் ஒப்படையின் உசாத்துணைப் பட்டியலில் எனக்குத் தெரியாத நூல் ஒன்று இருந்தது. ஆசிரியர் உண்மையான பேராசிரியர், பதிப்பகமும் உண்மை, ஆண்டும் பொருத்தம். அப்படி ஒரு நூலை அவர் எழுதவே இல்லை. செயலி அவரது பெயருக்கு ஏற்ற தலைப்பொன்றைத் தானாகக் கட்டித் தந்திருக்கிறது. அதற்குப் பொய் சொல்லும் எண்ணம் கிடையாது. அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கோப்பதுதான் அதன் வேலை. நீங்கள் கையில் எடுத்துப் பார்க்காத, அல்லது திரையில் முதற் பக்கத்தையாவது காணாத எந்த நூலையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். இது ஒன்றில் நான் கண்டிப்பானவள்.

அச்சில் வந்தது, ரீவியில் வந்தது என்பதால் மாத்திரம் ஒன்று மெய்யாகிவிடாது என்பதற்குக் கிட்டிய உதாரணம் 2020 டிசம்பரில் கேகாலையில் கொடுத்த கொரோனாப் பாணி. தொலைக்காட்சி காட்டியது, பத்திரிகை எழுதியது, சுகாதார அமைச்சரே கமராவுக்கு முன்னால் குடித்தார். கூட்டம் கூட வேண்டாம் என்ற காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். குடித்த பிரமுகர்களுக்கும் பின்னர் தொற்று வந்தது. யார் சொல்கிறார், அவருக்கு அதைப்பற்றி எப்படித் தெரியும், எதை வைத்துச் சோதித்தார்கள் என்ற மூன்று கேள்விகளை யாராவது முதல் நாளே உரத்துக் கேட்டிருக்கலாம்.

எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி எழுதும்போதும் கவனம் வேண்டும். ஓர் ஒப்படையில் "97,000 ஓலைச்சுவடிகள் எரிந்தன" என்று இருந்தது. 97,000 என்பது நூல்களையும் சுவடிகளையும் சேர்த்து ஏறத்தாழச் சொல்லப்படும் தொகை. சுவடிகள் அதில் ஒரு பகுதி. கைமாறிக் கைமாறி வரும்போது "நூல்களும்" என்ற சொல் உதிர்ந்துவிட்டது. இன்னொருவர், சில இடங்களில் மே 31 என்றும் சில இடங்களில் ஜூன் 1 என்றும் இருக்கிறதே, எது சரி என்று கேட்டு ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தப் பிள்ளைக்கு என் பாராட்டு. அது 1981 மே 31 இரவுக்கும் ஜூன் 1 விடியலுக்கும் இடைப்பட்ட கொடுமை. இரண்டு திகதிகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. முரண்பாடு கண்டவுடன் ஒன்றை அழித்துவிடாமல், இரண்டும் எப்படி வந்திருக்கும் என்று யோசித்தால் சில வேளைகளில் இப்படி விடை கிடைக்கும்.

இனி எங்கள் வீட்டு விடயம். நூற்றாண்டு மலருக்காகக் கல்லூரி வரலாற்றைத் திரட்டும் பொறுப்பு உங்களிற் சிலருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பொன்விழா மலரில் கல்லூரி 17 மாணவிகளுடன் ஆரம்பித்தது என்று இருக்கிறது. வைரவிழா மலரில் 27. எதைப் போடுவது என்று மலர்க்குழுவில் நீண்ட விவாதம் நடந்ததாம். பெரிய எண் அழகாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னாராம்! முதலாவது சேர்விடாப்பு இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். 1995 இடப்பெயர்வில் அது போய்விட்டது. மலர்கள் இரண்டும் பல பத்தாண்டு கழித்து, நினைவில் இருந்து எழுதப்பட்டவை. பின்னையது முன்னையதைப் பார்த்து எழுதும்போது வந்த அச்சுப்பிழையாகவும் இருக்கலாம். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அந்தக் காலத்துக் கல்விப் பணிப்பாளரின் நிர்வாக அறிக்கைகளைப் பார்க்கலாம். ஆனால் ஒன்று: உதவி பெறும் பாடசாலைகளுக்கு மாணவர் வரவைப் பொறுத்தே அரசாங்கப் பணம் கிடைத்தது. எனவே முகாமையாளர் அனுப்பிய எண்ணையும் சற்று யோசித்தே வாசிக்க வேண்டும். அதுவரைக்கும் மலரில் இரண்டு எண்களையும், எது எந்த மலரில் இருக்கிறது என்ற விபரத்தோடு போடுவதுதான் நேர்மை. அழகு குறைந்தாற் குறையட்டும்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இந்த மலரும் ஒரு நாள் வருடி எடுக்கப்பட்டு இணையத்தில் ஏறும். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பிள்ளை இதை மேற்கோள் காட்டுவாள். அவளுக்கு நாங்கள்தான் மயில்வாகனப் புலவர்.

பெண்கள் பாடசாலை என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய மலர்களில் எங்கள் பழைய மாணவிகள் "திருமதி" என்ற சொல்லுக்குப் பின்னால், கணவரின் முதலெழுத்தோடும் கணவரின் பெயரோடும் மறைந்துபோய் இருக்கிறார்கள். 1950 களின் விளையாட்டுப் போட்டிப் பட்டியலில் செல்வி என்று இருப்பவரும், 1970 களின் சங்க நிருவாகக் குழுவில் திருமதி என்று இருப்பவரும் ஒருவரா இருவரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தக் கல்லூரியின் முதல் பட்டதாரிகள் சிலரை நாங்கள் அப்படித்தான் தொலைத்திருக்கிறோம். ஆண்கள் கல்லூரி மலர்களை எடுத்துப் பாருங்கள், இந்தத் தொல்லை அங்கே இல்லை. எனவே மலர்க்குழுவிடம் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு பெண்ணின் சொந்தப் பெயரையும், தகப்பனார் பெயரையும், மணமான பின் வழங்கும் பெயரையும், கல்லூரியில் படித்த ஆண்டுகளையும் சேர்த்தே அச்சிடுங்கள். பக்கம் கூடினால் விளம்பரத்தைக் குறைக்கலாம்.

மூத்த பழைய மாணவிகளிடம் நேரிற் போய்க் கேட்பதும் ஆய்வுதான். எண்பது வயதான அம்மாமார் சொல்லும் ஆண்டு பெரும்பாலும் ஒன்றிரண்டு முன்பின் ஆகத்தான் இருக்கும். அதைச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். ஆனால் சம்பவத்திரட்டில் இல்லாததை அவர்கள் சொல்வார்கள். அதிபர் அதில் எழுதியிருப்பது "கல்விப் பணிப்பாளர் விஜயம், திருப்தி" என்ற மூன்று சொல். முதல்நாள் பின்னேரம் முழுக்கப் பிள்ளைகள் வாங்கு கழுவியது அம்மாமாருக்குத்தான் தெரியும். யார் சொன்னார், எந்தத் திகதியில் சொன்னார், அவர் எந்த ஆண்டுகளில் இங்கே படித்தார் என்பதையும் குறித்து வையுங்கள். அவர்கள் சம்மதித்தால் கைப்பேசியில் குரலைப் பதிவுசெய்யுங்கள். பலருக்கு வயதாகிவிட்டது, அடுத்த தவணை லீவு வரை பிற்போட வேண்டாம்.

பழைய மாணவிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மண்டப வாசலில் மேசையொன்றில் நீங்கள் கொண்டுவந்த பழைய படங்கள் குவிந்திருக்கின்றன. நான் வரும்போது பார்த்தேன், பெரும்பாலானவற்றின் பின்புறம் வெறுமையாக இருக்கிறது. பக்கத்தில் மென்மையான பென்சில்கள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பேனை வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும். தேநீர் இடைவேளையில் இடமிருந்து வலமாக யார் யார், எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். ஒருவரை அடையாளம் தெரியாவிட்டால் அந்த இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஊகித்துப் பெயர் எழுத வேண்டாம். உயர்தர மாணவிகள் ஒவ்வொரு மேசைக்கும் இருவராக நின்று உதவி செய்வார்கள்.